ஒரு சிட்டிகைத் தீனியின் கணக்கு

புதிதாக அமைத்த கடல்நீர் மீன்தொட்டியில் சில வாரங்களுக்குள் மணல்மேல் பழுப்புப் பொடி தூவியதுபோல ஒரு படலம் விழும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. கூடு கட்ட அதற்குச் சிலிக்கா தேவை. நீரில் கரைந்துள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்காகப் பதற வேண்டாம். பிறகு பாறைகளில் கூந்தல்போல் நீளும் பச்சை இழைப்பாசிதான் உண்மையான தொல்லை.

இழைப்பாசிக்கு உரம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். அந்த உரத்தைப் பெரும்பாலும் நாமே போடுகிறோம். 60 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த மீன் தீனியில் ஏறத்தாழ 1 விழுக்காடு பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம். அது முழுதும் பாஸ்பேட்டாக மாறினால் சுமார் 30 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். அனுபவமுள்ளவர்களோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவிடுவதில்லை. பெரிய தொட்டி பொறுத்துக்கொள்ளும் தவறைச் சிறிய தொட்டி பொறுக்காது.

உரம் ஒரு பக்கம் என்றால், மேயும் உயிர்கள் மறுபக்கம். 1983இல் பனாமா கரையோரம் தொடங்கிய ஒரு நோய், கரீபியன் கடலெங்கும் பரவி, பாசி மேய்ந்து வாழ்ந்த கரிய நீள்முள் கடல் முள்ளெலிகளை ஏறத்தாழ அழித்தது. மிகை மீன்பிடிப்பாலும் 1980இன் புயலாலும் ஏற்கெனவே நலிந்திருந்த ஜமைக்காவின் பவளத்திட்டுகளைப் பின்னர் பாசி மூடிவிட்டது. அதே விதிதான் நம் கண்ணாடிப் பெட்டிக்கும். பாசி தின்னும் கடல் நத்தைகள் சிலவும் துறவி நண்டு ஒன்றிரண்டும் இருந்தால், துளிர்க்கும்போதே மேய்ந்துவிடும். ஆனால் நீளமாக வளர்ந்த இழையை நத்தைகள் பெரும்பாலும் தொடாது. அதை முதலில் நாம்தான் பிடுங்க வேண்டும்.

பாறையை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரம்பிய வாளியில் வைத்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். உதிர்ந்த இழைகள் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி, மணலில் தங்கிய கசடோடு வெளியேற்றி, புதிய உப்புநீர் ஊற்றுங்கள். ஆவியாகிக் குறைவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகவே தினமும் குறையும் அளவை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். இரண்டுக்கும் நன்கு வடிகட்டிய ஆர்.ஓ. நீரே ஏற்றது, குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் வரக்கூடும். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும்.

செந்நிறச் சவ்வு படர்ந்தால் அது பாசியே அன்று, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் முற்றிலும் பூச்சியமாக்கவும் முயலாதீர்கள்: அந்த வெற்றிடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் குமிழி கோத்த பழுப்புச் சளி தழைத்துவிடும், அது நத்தைகளையே கொல்லக்கூடும்.

பாசிக்கொல்லி மருந்தை நாடாதீர்கள். தாமிரம் கலந்த மருந்து நத்தை, நண்டு, இறால் எல்லாவற்றையும் கொன்றுவிடும். செத்த பாசி அழுகி மீண்டும் உரமாகும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். பாசியைக் கட்டுப்படுத்தும் வேலை அந்தச் சிட்டிகையில்தான் தொடங்குகிறது.