பாலாறு பெருகினால் கிணறு ஊறுமா?

2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் குடிநீர் போனது ஜோலார்பேட்டையிலிருந்து. அதுவும் பாலாற்று நீரல்ல, காவிரி நீர்! 2021 நவம்பரிலோ வாலாஜாபேட்டை அணைக்கட்டைத் தாண்டி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்தது அதே பாலாறு.

வெள்ளம் வந்த அன்றே கிணறுகளெல்லாம் ஊறிவிடுமா? இல்லை.

காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், மிச்சம்தான் கீழிறங்கும். ஆற்றுமணலில் அது சட்டென்று இறங்கும். கரையைத் தாண்டிய பாறைப் பகுதியில் வெடிப்புகள் வழியே மட்டும் நகர்வதால் வேகம் குறையும். ஆகவே கடலுக்கு ஓடும் வெள்ளத்தைவிட, கால்வாய் வழியே காவேரிப்பாக்கம் ஏரியில் தேங்கி மெல்லக் கசியும் நீரே கிணறுகளுக்கு லாபம். மணலை அள்ளிவிட்டால் ஆற்றுக்கடியில் இருக்கும் சேமிப்பிடமும் போச்சு.

தோல் பதனிடும் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு சிக்கல்: தோல் கழிவால் உப்பேறிய நிலத்தடி நீர். மழைநீர் கலந்தால் அந்த உப்பு நீர்த்துப்போகும், மறைந்துவிடாது. அடுத்த கோடையில் மட்டம் இறங்கினால் கரிப்பு மறுபடி தலைகாட்டும்.