பஜனையில் சேர நல்ல குரல் வேண்டுமா?

மார்கழி பிறந்தால் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் விடியுமுன்பே பஜனை தொடங்கிவிடும். கோயிலில் கூடி, ஹார்மோனியமும் தாளமுமாக லயங்களைச் சுற்றிப் பாடிவிட்டு, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம்) நேரமாகுமுன் வீடு திரும்புவார்கள். அதே டிசம்பரில் தேவாலயப் பாடகர் குழுக்கள் நத்தார் கீதங்களோடு வீடு வீடாகப் போகும். கொஸ்லந்தையிலோ பூனாகலையிலோ இருக்கும் உங்களுக்கும் சேர்ந்து பாட ஆசை இருக்கலாம். கூடவே தயக்கமும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எனக்குக் குரல் இல்லையே?" பஜனைக்கு அது தடையில்லை. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். பாட்டுத் தெரியாவிட்டாலும், கொப்பி பார்த்து வாசிக்க வராவிட்டாலும், கேட்டால் போதும். தோட்டங்களில் காமன் கூத்துப் பாட்டுகளும் இப்படிக் காதுவழியாகவே தலைமுறை தாண்டி வந்தன.

"சுருதி தப்பிவிட்டால்?" சுருதி (எல்லோருடைய பாட்டும் ஒட்டி நிற்க வேண்டிய அடிப்படை ஒலி) யாருக்கும் ஆரம்பத்தில் தப்பும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காதால் பிரித்தறியவே முடியாதவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குக் காது சரியாகவே இருக்கும், தொண்டைக்குத்தான் பழக்கம் போதாது. ஹார்மோனியத்துக்கோ, நன்றாகப் பாடும் ஒருவருக்கோ பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அவர் குரல் உங்களுக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாகப் பாடுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்கள் கத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

"மேலே போனால் குரல் எட்டவில்லையே?" அது பெரும்பாலும் உங்கள் குறையல்ல, கட்டையின் (சுருதியைக் குறிக்கும் எண்) குறை. ஆண்களுக்குப் பொதுவாக 1, 2 கட்டை வசதி. பெண்களுக்கு 5 கட்டை அளவில் வசதி. ஆண் ஒருவர் தனக்குத் தோதாகத் தொடங்கினால் பெண்களுக்கு அது ஒன்று ஆழத்தில் கிடக்கும், இல்லையென்றால் உச்சத்தில் இழுக்கும். "கொஞ்சம் மாத்திப் புடிங்க அண்ணே" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரு பாட்டை ஆண்களும் அடுத்ததைப் பெண்களும் எடுத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரு முறையாவது வசதியாக அமையும்.

"நாளெல்லாம் கொழுந்தெடுத்து அலுத்துப்போகிறேன். இது இன்னொரு வேலையாகிவிடாதா?" பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து, நீளமாக, மெதுவாக விடுகிறோம். அப்படி விடுகையில் இதயத் துடிப்பு தணிகிறது. எல்லோரும் ஒரே அடியைப் பாடினால் எல்லோருடைய மூச்சும் ஒன்றாகிறது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடியவர்களின் இதயத் துடிப்புகள் ஒன்றாகவே ஏறி இறங்கின. பஜனை முடிந்து வரும்போது மனம் லேசாக இருப்பதில் உடம்புக்கும் பங்கு உண்டு.

"அங்கே எனக்கு யாரையும் தெரியாதே?" அப்படியானால் நீங்கள் கட்டாயம் போக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் நடந்த மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறி வாழ வேண்டியிருந்தது. கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் எல்லாமே புது முகம்தான். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பாட்டு, கைவேலை, எழுத்து என வெவ்வேறு வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கவனித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதத்தில் எல்லா வகுப்பினரும் நெருங்கிவிட்டார்கள். ஆனால் முதலில் நெருங்கியவர்கள் பாடியவர்கள்தான். பேச்சு எடுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது நல்ல வழி.

"குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளாதா?" எடுத்தவுடன் உச்சத்தில் பாடினால் கட்டும். முதலில் வாயை மூடி 'ம்ம்' என்று கொஞ்ச நேரம் முனகிக் குரலைச் சூடாக்குங்கள். சுடுதண்ணீரோ இஞ்சித் தேத்தண்ணியோ குடியுங்கள். குரல் கம்மினால் அன்றைக்குத் தாளம் மட்டும் போடுங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் கம்மல் நீடித்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

"மழை பெய்தால்?" மார்கழி நமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் லயம் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். பஜனையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பரீட்சை இல்லை, கட்டணமும் இல்லை. இந்த மார்கழியில் ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் நின்று, முதல் பாட்டைக் கேளுங்கள். இரண்டாவதில் சேர்ந்து பாடுங்கள். பிடித்திருந்தால், பாட்டு எடுத்துக் கொடுப்பவரிடம் "நாளைக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.