“வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்” என்று விட்டுவிடலாமா?

அப்புத்தளையில் எங்கள் வீட்டிலிருந்து வீதிக்கு வர 42 படிகள் ஏற வேண்டும். ஒரு காலத்தில் அரிசிப் பையோடு அந்தப் படிகளை ஏறியவர் என் உம்மா. பிறகு இடையில் இரண்டு தடவை உட்கார ஆரம்பித்தார். கடைசியில் மேலே வருவதையே நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் “கால் வலி” என்பார். உண்மையில் வலி காலில் இல்லை. நாலு பேர் முன்னால் மூச்சு வாங்குவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வயசானா அப்படித்தான்” என்று நாங்களும் இருந்துவிட்டோம். பயிற்சிக் கலாசாலையில் படித்து, சுவாசத் தொகுதியைக் கரும்பலகையில் வரைந்து கற்பிக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனைக்குப் பிறகுதான் அது சிஓபிடி எனப்படும் நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்று தெரிந்தது. மூச்சுக் குழாய்கள் சுருங்கி, காற்றுப் பைகள் பழுதடைவதால், உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கிவிடும். அதனால் புதிய காற்றுக்கு இடமில்லாமல் போகும்.

உம்மா ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. ஆனால் நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் நின்றவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் இந்நோயால் 35 இலட்சம் பேர் இறந்தார்கள். செல்வந்த நாடுகளில் இதற்குப் பெரும்பாலும் புகைத்தலே காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகைக்கும் பெரும் பங்குண்டு. புகைபோக்கி இல்லாத லயன் வீட்டுக் குசினிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது, விறகை விட்டிருந்த வீடுகளும் மறுபடி அதற்கே திரும்பின.

பழுதான நுரையீரலை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நோயாளியின் வாழ்க்கையை மேம்படுத்த முடியும். அதை அளக்க வைத்தியர்கள் பாவிக்கும் கேட் என்ற படிவத்தில் எட்டு விடயங்கள் இருக்கின்றன: இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மேடு அல்லது படி ஏறும்போது மூச்சு வாங்குதல், வீட்டு வேலை, வெளியே போகும் துணிவு, தூக்கம், உடல் தெம்பு. மொத்தம் 40 புள்ளிகள். கூடக்கூடப் பாதிப்பு அதிகம். உம்மா வெளியே போகாமல் இருந்ததும் நோயின் கணக்கில் சேரும் என்று அன்றுதான் விளங்கியது.

நான் செய்த பெரிய தவறு, “நீங்க இருங்க உம்மா, நான் பார்க்கிறேன்” என்று எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டது. அசையாமல் இருந்தால் தசைகள் பலவீனமாகும். பலவீனமான தசைகளால் சிறிய வேலைக்கும் அதிகம் மூச்சு வாங்கும். அதனால்தான் வைத்திய ஆலோசனையோடு அளவாக நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. மூக்கால் மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் மெதுவாக விடப் பழக வேண்டும். பம்ப் அடிக்கும் முறையை ஒவ்வொரு கிளினிக்கிலும் செய்து காட்டிச் சரிபார்க்க வேண்டும். மருந்து தொண்டையிலேயே தங்கிவிட்டால் பலனில்லை. ஸ்டீரொய்ட் பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

நோன்பில் பம்ப் பாவிப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நோயாளி நோன்பைப் பிற்படுத்தலாம், அறவே முடியாதவர் ஃபித்யா கொடுக்கலாம் என்ற சலுகை தெளிவானது. நின்று தொழ முடியாதவருக்கு உட்கார்ந்து தொழும் அனுமதியும் அப்படியே. மருந்தை விட்டு உயிரோடு விளையாடுவதைப் பக்தி என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் வெள்ளி இரவில் சாம்பிராணி வேண்டாம், நுளம்புச் சுருளும் வேண்டாம். சிகரெட் வீட்டு வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வையுங்கள், முடியாவிட்டால் ஜன்னலையாவது திறந்து வையுங்கள். பள்ளிவாசல்கள் படியேறாமல் தொழக்கூடிய இடத்தில் நாலு கதிரைகள் போடலாம்.

எங்கள் 21ஆவது படிக்குப் பக்கத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஒரு பலகை அடித்துத் தந்தார்கள். போன பெருநாளன்று உம்மா அதில் உட்கார்ந்து, மூச்சை ஆற்றி, மீதியையும் ஏறி வந்தார். உங்கள் ஊரிலும் படிகள் இருக்கின்றன. பாதி வழியில் ஒரு பலகை போட்டு வையுங்கள்.