எட்டுத் துண்டு நிலமும் எழுபது வழியும்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் முன்பு மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடியாமல் வெயிலில் வற்ற, உப்பு கூடிப்போய்க் கன்று பிழைப்பது அரிதாயிற்று. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து கன்று நட்டன.

வாய்க்கால் உண்மையிலேயே உதவுகிறதா என்று ஒருவர் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுத் துண்டு நிலம். சீட்டுக் குலுக்கி நான்குக்கு மட்டும் வாய்க்கால். ஓராண்டு கழித்துப் பிழைத்த கன்றுகளை எண்ணினால், முதல் நான்கு இடமும் வாய்க்கால் உள்ள துண்டுகளுக்கே. சந்தேகக்காரர் விடுவாரா? “அந்த நாலும் தற்செயலா நல்ல மண்ணுல அமைஞ்சிருக்கும்” என்பார்.

அவர் சொல்வதையே மெய்யென்று கொண்டு கணக்குப் போடுவதுதான் இந்தச் சோதனையின் சூட்சுமம். வாய்க்காலால் பயனில்லை என்றால் எது முந்தும் என்பதை மண்ணே முடிவுசெய்துவிட்டது. மாறுவது சீட்டு மட்டும். எட்டில் நான்கை எடுக்க 70 வழி. முதல் நான்கு இடம் பிடித்த துண்டுகளுக்கே வாய்க்கால் சீட்டு விழுவது அதில் ஒரே வழி. வாய்க்கால் கெடுதலும் செய்யலாமே என்று கடைசி நான்கையும் சேர்த்தால் 70-க்கு 2. ஏறத்தாழ 3 விழுக்காடு. இதுவே பி மதிப்பு: 0.03. ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே என்பதால் ‘சிக்னிஃபிகன்ட்’, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது. அந்த ஐந்து, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலால் வழக்கமானது. வசதிக்குப் போட்ட கோடு, அவ்வளவுதான்.

வாய்க்கால் பயன்பட 97 விழுக்காடு வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. பயனே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு அதைச் சொல்லாது. எத்தனை கன்று கூடுதலாகப் பிழைத்தது என்பதும் அதில் இல்லை.

பெரிய வில்லங்கம் களத்தில் இருக்கிறது. காசு போதாமல் ஒரு துண்டில் வாய்க்கால், இன்னொன்றில் இல்லை, இரண்டிலும் 200 கன்று என்று ஆய்வை முடித்துவிடுவார்கள். 400 கன்றையும் கணினியில் ஏற்றினால் பி மதிப்பு மிகச் சிறியதாக வந்து மயக்கும். ஆனால் 200 கன்றும் குடிப்பது ஒரே தண்ணீர். ஒரு துண்டு கோரையாற்று முகத்தை ஒட்டியிருந்தால் காப்பாற்றியது ஆறா, வாய்க்காலா? ஒரே துண்டின் கன்றுகளைத் தனித்தனிச் சான்றாக எண்ணும் இந்தத் தவறு சூழலியல் ஆய்வுகளில் மலிந்திருப்பதைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-இல் எடுத்துக்காட்டினார். எண்ணவேண்டியது துண்டுகளை. ஒன்றுக்கு ஒன்று என்றால் சீட்டு விழ இரண்டே வழி. மூன்றுக்கு மூன்று என்றால் 20 வழி. இருபக்கமும் சேர்த்து 10 விழுக்காடு. இந்தக் கணக்கில் ஐந்துக்குக் கீழே இறங்க, பக்கத்துக்கு நான்கு துண்டாவது வேண்டும்.