முதல் மருந்தேற்று நாளும் உதிருங் கூந்தலும்

புற்றுநோய் என்னுஞ் சொல்லை இல்லத்தில் வாய்விட்டுக் கூறவும் அஞ்சுவோர் நம்மிடைப் பலர். அந்நோய்க்குரிய மருந்துச் சிகிச்சையைத் தொடங்கவேண்டுமென்று வைத்தியர் கூறியவுடன், பெண்மக்கள் பலர்க்கு உயிரைப் பற்றிய கவலையோடு கூந்தலைப் பற்றிய கவலையும் உடனெழுகின்றது. இவ்வச்சத்தை அற்பமென்று நகைப்பது அறியாமையேயாம். இல்லத்திற் படித்தவர் என்ற முறையில், தாய்க்கோ தமக்கைக்கோ துணையாக ஆஸ்பத்திரிக்குச் செல்லுங் கடமை நம்முள் எவர்க்கும் நேரக்கூடும். ஆகலின் முதல் மருந்தேற்று நாளுக்குச் செய்துகொள்ளத்தக்க ஆயத்தங்களையும், முடியுதிர்வின் காரணத்தையும், அதனைத் தாங்கும் வழியையும் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

நாட்றம்பள்ளியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை மனத்துட் கொள்வோம். பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்துள் அடங்கிற்று. இங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்னுந் தோற்றொழில் நகரங்களைக் கடந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் வேலூரை அடையலாம். 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் தொடங்கிய பணி வளர்ந்தோங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆண்டுள்ளது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் எழுந்த புற்றுநோய் நிலையத்தை நாடுவோரும் உளர். எங்குச் செல்லினும் வழி நெடிது. அந்நெடுமையையும் ஆயத்தத்துட் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

கீமோதெரபி எனப்படுவது யாது? நம் உடலின் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுவன. புற்றணுக்களோ கட்டின்றிப் பெருகுவன. அங்ஙனம் விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் குருதிநாளத்தின் வழியே செலுத்துவது இச்சிகிச்சை. இதன் வரலாற்றில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவுக்குச் சிறந்ததோர் இடமுண்டு. 1895இல் அக்காலச் சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்து, பின்னர் அமெரிக்கா சென்ற அப்பெரியார், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தம் குழுவினருடன் சில மருந்துகளை ஆக்கினார். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் சில காலந் தணிந்ததை 1948இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வினத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழங்கப்பெறுகின்றது.

இனி, முன்னேற்பாடுகளைக் காண்போம். மருந்து தொடங்குமுன் இரத்தத்தைச் சோதிப்பர். சில மருந்துகளுக்கு இருதயத்தையும் சோதிப்பதுண்டு. உயரத்தையும் எடையையும் கொண்டே பல மருந்துகளின் அளவைக் கணிப்பராதலின், அவற்றைத் திருத்தமாகக் குறித்தல் வேண்டும். உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் உட்பட, ஒளியாது வைத்தியரிடம் உரைத்தல் இன்றியமையாதது. ஏனெனின் அவற்றுட் சில சிகிச்சை மருந்தோடு முரணும். சொத்தைப் பல்லிருப்பின் முன்னரே காட்டிக்கொள்க. இளம்பருவத்தினர், பின்னாளில் மக்கட்பேற்றுக்கு இச்சிகிச்சையால் இடையூறு நேருமோ என்பதை நாணாது முன்கூட்டியே வினவுதல் வேண்டும்; மருந்து தொடங்கியபின் வினவுவது காலங்கடந்ததாகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உடையார் அதனைக் கொண்டுசெல்க. இரயிலிற் செல்வோர், புற்றுநோயாளர்க்கும் உடன்செல்வோர் ஒருவர்க்கும் உள்ள கட்டணச் சலுகைக்குரிய சான்றிதழை மருத்துவமனையிற் கேட்டுப் பெறுக.

மருந்தேற்றும் நாளில், வேறு கட்டளை இல்லையாயின், எளிய உணவை அளவாக உண்டு செல்லலாம். கையை எளிதில் நீட்டத்தக்க தளர்ந்த ஆடையை அணிக. மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே துணைக்கு ஒருவர் உடனிருத்தல் நன்று. வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்னதாகவே கொடுப்பர். ஊசி செருகிய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ, உடலில் அரிப்போ, மூச்சுத் திணறலோ தோன்றின், பொறுத்துக்கொள்வது பெருமையென்றெண்ணாது அக்கணமே நர்சு அம்மையாரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இல்லந் திரும்பியபின் மறவாது காக்கவேண்டுவது ஒன்றுண்டு. மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில், நோய்க்கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அக்காலத்திற் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் அளவை எட்டின், விடியட்டும் என்று காத்திராமல், காய்ச்சல் மாத்திரையால் அதனை மறைக்காமல், உடனே மருத்துவமனைக்கு அறிவித்துப் புறப்படுதல் வேண்டும். நள்ளிரவில் நாட்றம்பள்ளியில் வண்டிக்கு அலைவதினும், அழைத்தால் வருபவர் இன்னாரென்று முன்னரே பேசிவைத்தலும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவைத்தலும் உயிரைக் காக்கும் ஆயத்தங்களாம்.

இனிக் கூந்தலுக்கு வருவோம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள. அவற்றுட் பத்தில் ஒன்பது பங்கு எப்பொழுதும் வளர்நிலையில் இருப்பன. அவற்றின் வேர்க்கால் அணுக்கள் விரைந்து பெருகுவனவாதலின், புற்றணுவைத் தாக்கும் மருந்து அவற்றையுந் தாக்குகின்றது. முதன் மருந்தேற்றிய இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். புருவமும் இமையும் உதிர்தலுண்டு. எல்லா மருந்தும் முடியை உதிர்ப்பதில்லை. டாக்சோரூபிசின், பக்ளிடாக்செல் போன்றவை பெரும்பாலும் உதிர்ப்பன. வேறு சில சிறிதே மெலியச் செய்வன. முடி உதிர்தல் நோய் முற்றியதற்கு அடையாளமாகாது. உதிராமை மருந்து பலிக்காததற்கும் அடையாளமாகாது. தோல் பதனிடுந் தொட்டியிற் சுண்ணாம்பு முடியை வேரோடு தளர்த்துவதை நம் வட்டாரத்தார் அறிவர். அத்தோலில் முடி மீண்டும் முளைப்பதில்லை. நோயாளியின் வேர்க்காலோ உயிரோடு ஓய்ந்திருப்பது. சிகிச்சை முடிந்த சில மாதங்களிற் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் முளைக்கும். முதலில் நிறமோ சுருளோ வேறுபட்டிருத்தலும் உண்டு. சில மருந்துகளால் மிகச் சிலர்க்கு முழுதும் திரும்பாமையும் உண்டாதலின், வைத்தியரை வினவியறிதல் நன்று.

மருந்தேற்றுகையில் தலையைக் குளிர்வித்து முடியுதிர்வைக் குறைக்கும் கருவி சில மருத்துவமனைகளில் உண்டு. இரத்தப் புற்றுடையார்க்கு அது பொருந்தாது. எளிய வழி, உதிருமுன்னரே கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்துக்கொள்வது. நீண்ட பின்னல் கையோடு வருவதைக் காணுந் துயரம் அதனாற் குறையும். டோப்பா அணிய விரும்புவோர் தம் முடியின் நிறம் ஒத்ததை முன்னரே தெரிந்துகொள்ளலாம். சாயம், சூடான எண்ணெய், இறுக்கிப் பின்னுதல் ஆகியவற்றைத் தவிர்க்க. வெறுந்தலையை வெயிலினின்றும் மெல்லிய பருத்தித் துணியாற் காக்க.

எனினும், முடியினும் மிகுதியாக வருத்துவது ஊரார் பார்வையன்றோ? கைம்பெண் கூந்தல் களையும் வழக்கம் சங்கச் செய்யுட்களிலேயே காணப்படுவது. அப்பழந்துயரின் நிழல், கணவன் உயிரோடிருக்கவும் முடியிழந்தவள்மேல் விழுகின்றது. முடியிழந்தபின் உயிர்தாங்காத கவரிமாவை மானமுடையோர்க்கு வள்ளுவர் உவமை கூறினார். அவரே பிறிதோரிடத்து, உலகம் பழிப்பதை விட்டொழித்தவர்க்குத் தலையை மழித்தலாலும் சடையை நீட்டலாலும் ஆவதொன்றில்லை என்னுங் கருத்தை உரைத்தார். ஆகவே மானம் ஒழுக்கத்தின்பாற்பட்டதென்பது தெளிவு. பழனியிலும் திருப்பதியிலும் வேளாங்கண்ணியிலும் நேர்ந்துகொண்டு முடியிறக்குவோரை நாம் இகழ்வதில்லை. பிறந்த குழந்தைக்கு முடியிறக்கும் வழக்கம் இஸ்லாமியரிடத்தும் உண்டு. தானே இசைந்து நீக்கிய முடிக்காக எவரும் நாணுவதில்லை. நோயாளியும், உதிருங் கூந்தலைத் தாமே முன்வந்து கத்தரித்துக்கொள்வாராயின், இழப்பின் கொடுமையிற் பாதி நீங்கும்.

எஞ்சிய பாதியை நீக்குவது நம் கடமை. "ஐயோ, எப்படி இருந்த முடி!" என்று வாயிலில் நின்று இரங்குவதை விடுத்து, வழக்கம்போற் பெயர்சொல்லி அழைத்து, வழக்கம்போற் பேசுவோமாக. முடிக்கஞ்சி மருத்துவமனை செல்ல ஒருவர் தயங்குங்கால், அத்தயக்கத்தில் நம் பார்வைக்கும் பங்குண்டு என்பதை உணர்வோமாக. கூந்தல் முளைக்கச் சில மாதம் பொறுக்கலாம். தவறவிட்ட சிகிச்சைக்காலமோ மீள்வதன்று.