உம்மாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவே விசாரணை ஆரம்பம். "தாத்தா, இந்தக் கிழம எங்க போற?" என்று கேட்பவன் நான்காம் ஆண்டில் படிக்கும் தம்பி. அவனுக்குப் பின்னால் நின்று தலையாட்டுபவள் ஏழு வயதுத் தங்கை. தெமட்டகொடையில் ஒரு தொடர்மாடியின் நான்காவது மாடியில் நாங்கள் வசிக்கிறோம். முற்றமும் இல்லை, வளவும் இல்லை. வீட்டுக்குள் பந்து உருண்டால் கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிடுவார். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. சனிக்கிழமையும் போக வேண்டும். எனக்கும் அன்று உயர்தர வகுப்பு. ஆகவே எங்களுக்கு வார இறுதி என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

சென்ற வருட விடுமுறையில் முதல் ஞாயிறன்று பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்குப் போனோம். குளிரூட்டியும் மின்படியும் பிள்ளைகளுக்குப் பிடித்தன. ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட, பார்த்ததையெல்லாம் வாங்கித் தரும்படி கேட்கத் தொடங்கினார்கள். திரும்பி வரும்போது வாப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் ஞாயிறு தெஹிவளை மிருகக்காட்சிசாலை. உம்மா சுபஹுக்கு முன்பே எழும்பிப் புரியாணி ஆக்கி, கோப்பை, தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு எல்லாவற்றையும் இரண்டு பைகளில் அடைத்தார். அங்கே நாங்கள் மிருகங்களைப் பார்த்தோம். உம்மா பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோறு போட்டார், கை கழுவிவிட்டார், கோப்பைகளைத் துடைத்தார். வீட்டில் செய்யும் வேலையை அன்று தெஹிவளையில் செய்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் ஞாயிறன்று, "நீங்க போயிட்டு வாங்க மகள், எனக்கு வேல ஈக்கிது" என்றார். நாங்களும் போய்விட்டோம். தங்கையின் செருப்பு வார் அறுந்தபோதுதான் உம்மா கூட இல்லையே என்று எனக்கு நினைவு வந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை நான் பொறுப்பெடுத்தேன். என் முதல் முடிவு, முழுநாள் பயணம் வேண்டாம் என்பது. ஆறு நாள் கடையில் நின்ற வாப்பாவுக்கு ஒரு பகல் உறக்கம் வேண்டும். அது நியாயமான ஆசை. சின்னப் பிள்ளைகளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. இரண்டாவது, வெளியே போகும் நாளில் உம்மா சமைக்கக் கூடாது. முதல்நாள் இரவே நானும் தம்பியும் பாணுக்குள் சீனிச்சம்பல் வைத்துச் சுற்றிவிடுவோம். தம்பி சுற்றியது பாதி வழியில் பிரிந்துவிடும். பரவாயில்லை.

மூன்றாவது வெயில். கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று நமக்கில்லை. கொழும்பில் வருடம் முழுக்க வெக்கைதான். காலை பத்து மணிக்குப் பிறகு திறந்த வெளியில் பிள்ளைகளை நடக்க வைப்பது தண்டனை. திறந்த இடங்களுக்கு விடியற்காலையிலோ அஸருக்குப் பிறகோ போக வேண்டும். பகலில் போவதென்றால் கூரையுள்ள இடமாக இருக்க வேண்டும்.

கூரையுள்ள இடங்களில் என் தெரிவு கொழும்பு தேசிய நூதனசாலை. "அது பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போற எடம்" என்று வாப்பா சிரித்தார். உம்மாவும் பேருவளையில் படித்த காலத்தில் ஒருமுறை வந்தவர்தான். "டீச்சர் வரிசையில ஓட்டிட்டுப் போனாங்க, முன்னுக்கு நின்ட புள்ளட பின்னலத்தான் பாத்தன்" என்றார். அதனால் நாங்கள் மூன்றே மூன்று பொருட்களைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது.

முதலாவது அந்தக் கட்டடமே. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் ஒரு முஸ்லிம். திறப்பு விழாவில் என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, தமக்கென்று ஒன்றும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கும்படி அவர் கேட்டாராம்; அதுவும் வழங்கப்பட்டதாம். இந்தக் கதையை வாசலில் நின்று சொன்னேன். தம்பி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கார்" என்று சான்றிதழ் கொடுத்தான்.

இரண்டாவது கண்டி மன்னர்களின் சிம்மாசனம். 1815 இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934 இல் திருப்பித் தந்தது. தங்கைக்கு அதில் உட்கார முடியாதது பெரும் குறை.

மூன்றாவதுதான் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1409. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவில் யார் யார் வாழ்ந்தார்கள், எந்தெந்த மொழியில் சொன்னால் விளங்கும் என்று தெரிந்தே வெட்டிய கல் அது. எழுத்துகள் மிகவும் மங்கியிருக்கின்றன. குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் தங்கை "அலிப் எங்க, அலிப் எங்க" என்று தேடினாள். உம்மா தமிழ்ப் பக்கத்தில் குனிந்து ஓர் எழுத்தைப் பிடித்தார். பிறகு இன்னொன்றைப் பிடித்தார். அவரைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அன்று அவர் கையில் பை எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறன்று விடியற்காலையில் கோட்டைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது என்று பாடத்தில் படித்திருந்தும், அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. கடும் மழையில் நகரத்துக்குள் வரும் வெள்ளத்தை உள்வாங்கிக்கொள்வது இந்தச் சதுப்பு நிலங்கள்தான். பலகைப் பாதையில் நடந்தால் கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம். ஒரு கபரகொய்யா எங்களுக்கு முன்னால் அவசரமில்லாமல் பாதையைக் கடந்தது. நுளம்புக்கு மருந்து பூசிக்கொண்டு போங்கள், நாங்கள் பூசவில்லை. தாமரைக் கோபுரத்துக்கும் போகத்தான் ஆசை. ஐந்து பேருக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதென்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. 356 மீற்றர் கோபுரத்தை எங்கள் மொட்டைமாடியில் நின்றே பார்த்துக்கொள்கிறோம்.

எந்த வழிகாட்டிப் புத்தகமும் எழுதாத இரண்டு விஷயங்களைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். போகும் இடத்தில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா, வக்து வந்தால் பெண்கள் தொழ இடம் எங்கே என்பவை அவை. ஆண்களுக்கு எந்தச் சந்தியிலும் ஒரு பள்ளிவாசல் இருக்கும். உம்மாவும் நானும்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிப்போம். உம்மா வர மறுத்ததற்குச் சமையல் பாதிக் காரணம் என்றால் இது மற்றப் பாதி. பல நாள் கழித்துத்தான் வாய் திறந்து சொன்னார். அதன் பிறகு வாப்பா புறப்படுமுன்பே நாலு பேரிடம் கேட்டு வைத்துக்கொள்கிறார்.

கடைசி ஞாயிறு காலிமுகத்திடல். வீட்டில் அஸர் தொழுதுவிட்டு, பகல் உறக்கம் முடித்த வாப்பாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். இந்தப் பருவத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவே கூடாது. ஆனால் அதே காற்றுதான் பட்டத்துக்கு நல்லது. திடல் முழுக்கப் பட்டம். திடலோரத்து நடைபாதையை 1859 இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட் அங்கே ஒரு கல் நாட்டியிருக்கிறார். கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி, தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் அது. இதைச் சொன்னதும் உம்மா, "பொம்புளகளுக்கா?" என்று திரும்பக் கேட்டார்.

வாப்பா ஒரு பட்டம் வாங்கினார். தம்பி ஓடி ஓடி விட்டும் அது மூன்று முறை தலைகுப்புற விழுந்தது. உம்மா கடலைச் சுருளை என்னிடம் தந்துவிட்டு எழுந்தார். "வால் காணாது" என்றார். என் கைக்குட்டையைக் கேட்டு வாங்கிக் கிழித்து வாலில் முடிந்தார். அவருடைய நானாமார் பேருவளைக் கடற்கரையில் பட்டம் விடும்போது நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய வேலையாக இருந்ததாம். பட்டத்தை ஒருநாளும் கையில் தரவில்லையாம். இதையெல்லாம் நூலை இழுத்து இழுத்து விட்டபடியே சொன்னார். பட்டம் ஏறியது.

தம்பி பொறுமையிழந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். மஃரிபுக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மகன்," என்றார் உம்மா, மேலே பார்த்தபடியே.