சிவப்பு ரிப்பன் எங்கே போனது?

அந்தமானில் சுவராஜ் தீவு என்று ஒரு தீவு. 2018 வரை அதன் பெயர் ஹேவ்லாக். அங்கே ஒரு நாள் காலையில் நாங்கள் நான்கு தோழிகள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, படகிலிருந்து ஒவ்வொருவராகக் கடலில் இறங்கினோம்.

ஒருத்தி பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். படகில் அது செம்பருத்திப் பூப்போலப் பளிச்சென்று இருந்தது. பதினைந்து மீட்டர் ஆழத்தில் திரும்பிப் பார்க்கிறேன், ரிப்பன் கறுப்பு!

யாரும் அதை மாற்றிக் கட்டவில்லை. சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன அல்லவா? கடல்நீர் அவற்றில் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நீலம்தான் வெகு ஆழம் வரை போகும். சிவப்பு ஒளி வந்து விழுந்தால்தானே ரிப்பன் அதைத் திருப்பி அனுப்ப முடியும்? கையிலிருந்த டார்ச்சை அடித்தேன். செம்பருத்தி திரும்பி வந்துவிட்டது!

"அவ்வளவு நேரம் எப்படி மூச்சுவிட்டீர்கள்?" என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் உருளை 12 லிட்டர்தான். அதற்குள் 200 மடங்கு அழுத்தி அடைத்திருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. திறந்துவிட்டால் 2,400 லிட்டர் வரும். இரண்டு பெரிய பீரோக்கள் நிறைய! அதை அப்படியே வாயில் விட்டால் நுரையீரல் தாங்காது. ஆழத்துக்குத் தக்க அழுத்தத்தில், நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை 1943இல் பிரான்சில் கூஸ்தோ, காஞ்யான் என்ற இருவர் உருவாக்கினார்கள்.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு பங்காக விரியும். அதனால் முக்குளிப்பவர் மூச்சை அடக்கவே கூடாது. பயிற்சியாளர் இதை எங்களிடம் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவே முடியாது.

கீழே பேச்சு கிடையாது, எல்லாம் சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று நினைத்துவிடாதீர்கள். 'மேலே போகலாம்' என்று அர்த்தம்!

ஆனால் பவளப்பாறை ஊமையாக இல்லை. வாணலியில் கடுகு பொரிவதுபோல் ஓயாத சத்தம். விரல் நீளம்கூட இல்லாத இறால்கள் கொடுக்கைச் சொடுக்க, அதில் பிறக்கும் குமிழி உடைகிற ஓசை அது. நடுவே 'கறக், கறக்' என்று கிளிமீன் பாறையைக் கொறித்தது. பாசியோடு சேர்த்து விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து, வெள்ளை மணலாக வெளியே தள்ளும். நாம் கால் புதைய நடக்கும் சில கடற்கரைகளின் மணலில் இதன் பங்கும் உண்டு.

பவளம் கல் மாதிரிதான் இருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு விலங்குகள். தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்பவை. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் குடக்கூலியாகக் கொடுக்கும் நல்ல குடித்தனக்காரர்கள். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இவர்கள் தந்ததுதான்.

கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே இருந்தாலே இந்தக் குடித்தனம் கலைந்துவிடும். பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010 கோடையில் அந்தமானில் அப்படித்தான் நடந்தது. 2016இல் மறுபடியும்.

அப்படி வெளுத்த ஒரு மான்கொம்புப் பவளத்தை அன்று பார்த்தோம். ரிப்பன் கட்டிய தோழி என் டார்ச்சை வாங்கி அதன்மேல் அடித்தாள். ஒளியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

அது இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் குடிவரலாம். அந்தக் கொம்புகளின் அடியில், நிழல் விழுந்த ஓர் இடுக்கில், நகத்தளவு பழுப்பு நிறம் மிச்சமிருந்தது. அதைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினாள்.